கடலைத் தூர்த்து ஒரு ஊர்

மும்பையில குடியேறின தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு எழுதப்படாத சட்டம் இருக்கு. ஊர்ல இருந்து யார் வந்து இறங்கினாலும் கேட்வே, தாஜ், மரைன் டிரைவ், சௌபாத்தி, சீ லிங்க்னு ஒரு சுத்து கூட்டிட்டுப் போயே ஆகணும். நானும் இந்தக் கைடு வேலையை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். கேட்வே வாசல்ல கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு 'பத்து நிமிஷத்துல பிரிண்ட் சார்'னு துரத்தற போட்டோக்காரங்களுக்கு என் மூஞ்சி மனப்பாடமே ஆயிருக்கும்.

இந்தத் தடவை வந்தது கோவையில நூல் வியாபாரம் பண்ற கல்லூரித் தோழன், அவன் மனைவி, எட்டாவது படிக்கற பையன். செம்பூர்ல இருக்கற இன்னொரு தோழனும் சேர்ந்துக்கிட்டான். தங்ஸ் புளியோதரை கட்டிக் குடுத்துட்டு, "நான் பார்த்த தாஜையே எத்தனை தடவை பார்க்கறது, நீங்க போயிட்டு வாங்க"ன்னு காந்திவலியிலேயே கழண்டுக்கிட்டாங்க.

கேட்வே முன்னாடி நின்னதும் பையன் கேட்டான். "மாமா, வாசல்னு சொல்றீங்க. கதவு எங்க? மதில் எங்க? வர்ற ரோட்டுக்கு நேராவும் இல்லையே?"

நல்ல கேள்வி. எத்தனையோ பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேன், இதை யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்ல ஆரம்பிச்சேன். ஒரு இடத்துல ஆரம்பிச்சா இந்த ஊர்ல அது நிக்காது. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் அதுவே பேச்சா போச்சு.

1911 டிசம்பர் 2-ஆம் தேதி ஐந்தாம் ஜார்ஜும் மேரி ராணியும் இங்கதான் கப்பலை விட்டு இறங்கினாங்க. அந்த ஞாபகத்துக்குத்தான் இந்த வளைவு. ஆனா ராஜா இறங்கினப்ப இது இல்லவே இல்லை. அட்டையில செஞ்ச ஒரு மாதிரியைத்தான் அவர் பார்த்தாராம். நம்ம ஊர்ல முதலமைச்சர் வர்றார்னா ராத்திரியோட ராத்திரியா பிளைவுட் ஆர்ச் நிக்குமே, அதே கதை :-)

1913 மார்ச் 31-ல் அடிக்கல் நாட்டினாங்க. ஜார்ஜ் விட்டெட் போட்ட வரைபடத்துக்கு 1914-ல் அனுமதி கிடைச்சுது. ஆனா கட்டறதுக்கு நிலம் வேணுமே? இங்க இருந்தது கடலோரமும் ஒரு சின்னப் படகுத்துறையும்தான். 1915-ல் இருந்து 1919 வரைக்கும் நாலு வருஷம் கடலோரத்தைத் தூர்த்து நிலமாக்கற வேலையே நடந்துச்சு. 1920-ல் அஸ்திவாரம், 1924-ல் கட்டடம் முடிஞ்சு, டிசம்பர் 4-ஆம் தேதி வைஸ்ராய் ரீடிங் திறந்து வச்சார். செலவு 21 லட்ச ரூபாய். மஞ்சள் நிற பசால்ட் கல்லு, குவாலியர்ல இருந்து வந்த சல்லடைக் கல் வேலைப்பாடு, 26 மீட்டர் உயரம். எல்லாம் பண்ணிட்டு, நேரா வந்து சேர வேண்டிய ரோட்டுக்கு மட்டும் காசு பத்தலை. அந்த ரோடு கடைசி வரைக்கும் போடவே இல்லை. அதனாலதான் தம்பி, இது ரோட்டுக்கு நேரா இல்லாம கோணலா நிக்குது.

திறந்து 24 வருஷம்கூட முழுசா ஆகலை. 1948 பிப்ரவரி 28-ல் பிரிட்டிஷ் படையோட கடைசிப் பிரிவு, சோமர்செட் லைட் இன்ஃபன்ட்ரியோட முதல் பட்டாலியன், இதே வளைவு வழியா நடந்து போய்க் கப்பல் ஏறிடுச்சு. வரவேற்புக்குன்னு கட்டினது வழியனுப்பறதுக்கு உபயோகமாச்சு. எதிர்ல இருந்த ஜார்ஜ் சிலையும் போய், 1961 குடியரசு தினத்துல சத்ரபதி சிவாஜி குதிரையில வந்து உட்கார்ந்தார்.

இந்தக் கதை எல்லா கைடும் சொல்றதுதான். அவங்க ஓட்டமா தாண்டிப் போறது அந்த 'சின்னப் படகுத்துறை'யைத்தான். அப்பல்லோ பந்தர்னு பேர். பேரைக் கேட்டா கிரேக்கக் கடவுள் ஞாபகம் வரும். ஆனா இது வெள்ளைக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே கோலி மீனவர்கள் படகு கட்டின துறை. மராத்தியில 'பால்வா' பந்தர். வெள்ளைக்காரன் நாக்குல அது அப்பல்லோ ஆயிடுச்சுன்னு ஒரு விளக்கம் உண்டு. நம்ம தூத்துக்குடி 'டூட்டிகொரின்' ஆன மாதிரி. மும்பைங்கற பேரே கோலிகளோட குலதெய்வம் மும்பாதேவியில இருந்து வந்ததுதான். ஊருக்குப் பேர் குடுத்தவங்க அவங்க.

அவங்க காலத்துல இது ஒரே ஊர் இல்லை, ஏழு தீவு. மாஹிம், வர்லி, பரேல், மஜ்காவ், பம்பாய், கொலாபா, குட்டி கொலாபா. 1661 கல்யாண ஒப்பந்தத்துல போர்ச்சுகல் ராஜகுமாரியோட சீதனமா இங்கிலாந்து ராஜாவுக்குப் போச்சு. அவருக்கு இதை வச்சு என்ன பண்றதுன்னு தெரியலை. 1668-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருஷத்துக்குப் பத்து பவுண்டு வாடகைக்கு விட்டுட்டார். "இன்னிக்கு பத்து பவுண்டுக்கு இங்க ஒரு டாக்ஸியில ஏர்போர்ட் போயிட்டு வரலாம்"னு செம்பூர்க்காரன் சொன்னான்.

பின்னாடி திரும்பினா தாஜ். இது கேட்வேயை விட 21 வயசு மூத்தது. 1903 டிசம்பர் 16-ல் ஜாம்ஷெட்ஜி டாடா திறந்தது. கோவைத் தோழன் உடனே, "இதைக் கட்டினவன் முன்பக்கம் பின்பக்கம் மாத்திக் கட்டிட்டாங்கன்னு தற்கொலை பண்ணிக்கிட்டானாமே?"ன்னு ஆரம்பிச்சான். யார் வந்தாலும் இந்தக் கதை வந்துடும். சுத்தப் புளுகு. முதல்ல வரைபடம் போட்டவர் சீதாராம் கண்டேராவ் வைத்யா. வேலை முடியறதுக்கு முன்னாடி 1900-லேயே அவர் இறந்துட்டார். முடிச்சுக் குடுத்தது சேம்பர்ஸ்ங்கற இன்ஜினியர். குதிரை வண்டிங்க ஊர்ப் பக்கமா இருந்துதானே வரும்? அதனால வாசல் அந்தப் பக்கம். அறைகளுக்குக் கடல் காத்து வரணும்னு இந்தப் பக்கம் ஜன்னல். பழைய வாசல் இருந்த இடத்துல இப்ப நீச்சல் குளம் இருக்கு, அவ்வளவுதான்.

தாஜ் பக்கத்துல நின்னு 2008 நவம்பர் 26-ஐப் பேசாம இருக்க முடியாது. பையன் பிறக்கறதுக்கு முன்னாடி நடந்தது, அவனுக்கு அது சினிமா மாதிரி. எங்களுக்கு அப்படி இல்லை. மூணு ராத்திரி தூங்காம டி.வி. முன்னாடி உட்கார்ந்திருந்தோம், ஆபீஸ்ல தெரிஞ்சவங்களைத் தேடித் தேடி போன் போட்டோம். அரண்மனைப் பகுதியை மறுபடி முழுசா திறக்க 2010 ஆகஸ்ட் 15 ஆச்சு. அன்னிக்கு வந்தவங்க ரப்பர் படகுல வந்து இறங்கினது கேட்வேயில இல்லை. கொஞ்ச தூரத்துல, கஃப் பரேடுக்குப் பக்கத்துல இருக்கற மச்சிமார் நகர்ல. பேரே 'மீனவர் நகர்'னுதான். இறங்கினவங்களை முதல்ல பார்த்து, 'யார் நீங்க, எங்க போறீங்க'ன்னு கேட்டவங்க அந்தக் குப்பத்து ஜனங்கதான். கடலுக்கும் அடுக்குமாடிக்கும் நடுவுல ஒரு துண்டு நிலத்துல இன்னும் மிச்சம் இருக்கறவங்க.

டாக்ஸி பிடிச்சு நரிமன் பாயிண்ட் போனோம். அங்க இருந்து மரைன் டிரைவ்ல நடந்து, கட்டைச் சுவர்ல காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிச்சோம். வெயில் இருந்தாலும் காத்து நல்லா வந்துச்சு. எதிர்ல வளைஞ்சு போற விரிகுடா, அந்தப் பக்கம் மலபார் ஹில். ராத்திரியில விளக்கு எரியறப்ப 'ராணியோட கழுத்து மாலை'ன்னு சொல்றது இதைத்தான்.

"இந்தக் கட்டடமெல்லாம் அந்தக் காலத்துலயே கடலைப் பார்த்துக் கட்டியிருக்கானே, ரசனைக்காரன்"னான் தோழன்.

"நீ உட்கார்ந்திருக்கற இடமே கடல்தான்டா"ன்னேன். அவன் தொழில் பஞ்சு, நூல் சம்பந்தப்பட்டதா இருந்ததால அடுத்த கதை அவனுக்கு நல்லாவே பிடிச்சுது.

1861-ல் அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் வெடிச்சுது. அங்க இருந்து லங்காஷயர் மில்லுங்களுக்குப் போயிட்டிருந்த பஞ்சு நின்னு போச்சு. அவங்க கண்ணுக்குத் தெரிஞ்ச அடுத்த இடம் இந்தியா, துறைமுகம் பம்பாய். பஞ்சு விலை தாறுமாறா ஏறி, ஊர்ல பணம் வெள்ளமா கொட்டுச்சு. வந்த பணத்தை என்ன பண்றது? தெருவுக்கு ஒரு பேங்க், தெருவுக்கு ஒரு கம்பெனி. அதுல ராஜா மாதிரி இருந்தது பேக் பே ரெக்ளமேஷன் கம்பெனி. இந்த விரிகுடாவைத் தூர்த்து நிலமாக்கி விக்கறோம்னு திட்டம். அதாவது இன்னும் தண்ணியா இருக்கற இடத்தோட பங்கு. 5,000 ரூபாய் பங்கு 50,000 வரைக்கும் போச்சு. இந்த ஆட்டத்துக்கு எல்லாம் நாயகன் பிரேம்சந்த் ராய்சந்த்னு ஒரு குஜராத்தி தரகர்.

1865 ஏப்ரல்ல அமெரிக்காவுல தெற்குப் படை சரணடைஞ்சுது. பஞ்சு விலை படுத்துச்சு. தவணை வியாபாரம் எல்லாம் தீர்க்க வேண்டிய நாள் ஜூலை 1. அன்னிக்கு யார்கிட்டயும் காசு இல்லை. கம்பெனிங்க வரிசையா கவிழ்ந்துச்சு, சில வருஷத்துல பேங்க் ஆஃப் பாம்பேயும் மூழ்கிச்சு. பேக் பே கம்பெனியால முழுசா எதையும் தூர்க்க முடியலை. மிஞ்சினது கரையை ஒட்டி ஒரு ஒல்லியான பட்டைதான். அதுல ரயில் போட்டாங்க. தினமும் நான் தொங்கிட்டு வர்ற சர்ச்கேட் லோக்கல் ஓடறது அந்தப் பட்டையில. அந்தக் காலத்துல மரைன் லைன்ஸ்ல இறங்கினா எதிர்ல கடல்.

"பஞ்சு ஏறினா என்ன ஆகும், இறங்கினா என்ன ஆகும்னு எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்"னு கோவைக்காரன் பெருமூச்சு விட்டான். பிரேம்சந்த் நல்லா இருந்த காலத்துல அம்மா ராஜாபாய் பேர்ல ரெண்டு லட்சம் குடுத்தார். அதுதான் யுனிவர்சிட்டியில நிக்கற ராஜாபாய் கடிகார கோபுரம். 1878-ல் கட்டி முடிச்சாங்க. அது எப்படியோ தப்பிச்சுது.

ஊர் ஒரு தடவை சூடு பட்டா மறக்காதுன்னு நினைப்போம். இந்த ஊர் அரை நூற்றாண்டுல மறந்துடுச்சு. முதல் உலகப் போர் முடிஞ்ச சமயம் ஜார்ஜ் லாய்ட்னு ஒரு கவர்னர். அவர் காலத்துல அரசாங்கமே இறங்குச்சு. இதே விரிகுடாவுல 1,145 ஏக்கர் தூர்க்கறதா திட்டம், எட்டு பிளாக்கா. தூரத்துல கடலுக்குள்ள ஒரு சுவர் எழுப்பி, துறைமுகப் பக்கத்துச் சேத்தை டிரெட்ஜர் வச்சுத் தோண்டி, குழாய்ல அனுப்பிச் சுவருக்கு உள்ள நிரப்பறது. கல்லுக்கு எங்க போனாங்க தெரியுமா? காந்திவலியில ஒரு மலை இருந்துச்சு, பாரன் மலை. அதை உடைச்சு ரயில்ல ஏத்தி இங்க கொட்டினாங்க. எங்க ஏரியாவோட ஒரு மலை இப்ப தென் மும்பையில தண்ணிக்கு அடியில கிடக்கு. வாரா வாரம் ரெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே இங்க வேலைக்கு வர்றதுல எனக்கு இது ஒரு அற்ப சந்தோஷம், எங்க கல்லு மேலதானே நடக்கறேன்னு.

திட்டம் சொதப்பிச்சு. டிரெட்ஜர் கணக்குப் போட்ட அளவுக்கு சேறு எடுக்கலை. எடுத்த சேறும் சுவர் இடுக்கு வழியா மறுபடி கடலுக்கே கசிஞ்சு போச்சு. ஒரு பக்கம் கொட்டக் கொட்ட மறு பக்கம் போயிட்டே இருக்கு! செலவு மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. ஜனங்க 'லாய்டோட மடத்தனம்'னு பேர் வச்சாங்க.

இதைப் பிடிச்சு உலுக்கினவர் ஒரு இளம் பார்ஸி வக்கீல், குர்ஷித் ஃப்ராம்ஜி நரிமன். சட்டசபையில கேட்டார், பத்திரிகையில எழுதினார், ஊழல்னு நேராவே சொன்னார். டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட் அதிகாரி ஹார்வி மானநஷ்ட வழக்குப் போட்டார். நரிமன் ஜெயிச்சார். 1926-ல் விசாரணைக் குழு வந்துச்சு. கடைசியில 1929 வாக்குல வேலையை நிறுத்தினப்ப தூர்த்து முடிச்சது 439 ஏக்கர் சுமார். அதுல பாதிக்கு மேல ராணுவம் வாங்கிக்கிச்சு. மிச்சத்துல வந்ததுதான் நாம உட்கார்ந்திருக்கற இந்த மரைன் டிரைவும், பின்னாடி வரிசையா நிக்கற கட்டடங்களும். முப்பதுகளிலயும் நாற்பதுகளிலயும் கட்டின ஆர்ட் டெகோ வீடுங்க. முனை மழுங்கின பால்கனி, கப்பல் மாதிரி வளைவு. 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க.

சுதந்திரத்துக்கு அப்புறம் மறுபடி ஆரம்பிச்சுது. அறுபது எழுபதுகள்ல விட்டுப்போன இடத்துல இன்னொரு துண்டைத் தூர்த்து கண்ணாடியும் கான்கிரீட்டுமா ஆபீஸ் கட்டடங்களைக் கட்டினாங்க. 1973-ல் ஓபராய், 1974-ல் ஏர் இந்தியா கட்டடம். (ஏர் இந்தியா கட்டடத்தை மகாராஷ்டிர அரசு 1,601 கோடிக்கு வாங்க 2024-ல் மத்திய அரசு சம்மதிச்சுது.) அந்த இடத்துக்கு என்ன பேர் வச்சாங்க? நரிமன் பாயிண்ட்.

கடலைத் தூர்க்கறதுல நடந்த ஊழலைக் கிழிச்ச மனுஷன் பேரை, கடலைத் தூர்த்த நிலத்துக்கே வச்சுட்டாங்க. கிண்டலா, மரியாதையான்னு எனக்கு ஒவ்வொரு தடவையும் சந்தேகம் வரும். அங்க பத்து வருஷமா ஆபீஸ் போற எத்தனை பேருக்கு நரிமன் யார்னு தெரியும்? எங்க ஆபீஸ்ல கேட்டுப் பார்த்தேன். ஒருத்தர் கிரிக்கெட் கான்ட்ராக்டரான்னு கேட்டார். அவர் நாரி கான்ட்ராக்டர், சார்!

செம்பூர்க்காரன், "நம்ம மெரினாவுல இந்தத் தொல்லை இல்லைப்பா, கடலே மணலைக் கொண்டு வந்து குடுத்துச்சு"ன்னான். பாதி சரி. சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் கட்டினதும் தெற்குல இருந்து வர்ற மணல் தடைபட்டு மெரினாவுல சேர்ந்துச்சு, கடற்கரை அகலமாச்சு. ஆனா அந்த மணல் போய்ச் சேர வேண்டிய வடக்குப் பக்கம் காலியாச்சு. ராயபுரம் பக்கத்து மீனவங்ககிட்ட கேட்டா கடல் யாரு வீட்டை எடுத்துச்சுன்னு சொல்வாங்க. கடல் சும்மா எதையும் குடுக்கறதில்லை, ஒரு பக்கம் வாங்கித்தான் இன்னொரு பக்கம் வைக்குது.

சௌபாத்தியில பேல்பூரி. 1920-ல் திலகரைத் தகனம் பண்ணின இடம்னு சிலையைக் காட்டினேன். பையனுக்குக் குல்ஃபிதான் முக்கியம். அடுத்து கோஸ்டல் ரோடு. 2024 மார்ச்ல முதல் பகுதி திறந்தாங்க. மலபார் ஹில்லுக்கு அடியில ரெண்டு கிலோமீட்டருக்குச் சுரங்கம், வெளிய வந்தா கடலோரம். இதுக்காகத் தூர்த்தது மட்டும் 111 ஹெக்டேர். 2019-ல் ஹைகோர்ட் நிறுத்திச்சு, அதே வருஷக் கடைசியில சுப்ரீம் கோர்ட் தொடரச் சொல்லிடுச்சு. முன்னெல்லாம் ஒரு மணி நேரம் நெளிஞ்சுக்கிட்டு வந்த தூரம், பத்தே நிமிஷம். சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

வலது பக்கம் ஹாஜி அலி தர்கா. அதுக்குப் பின்னாடி போற ரோடுதான் இந்த ஊரோட முதல் பெரிய தூர்ப்பு வேலை. வர்லிக்கும் பம்பாய்க்கும் நடுவுல கடல் உள்ள புகுந்து பைகுல்லா வரைக்கும் வெள்ளமா நிக்குமாம். ஹார்ன்பிங்கற கவர்னர் 1780-கள்ல அங்க ஒரு அணை போட்டார். கம்பெனி மேலிடம் 'வேண்டாம்'னு அனுப்பின கடுதாசியைப் பிரிக்காமலே பெட்டியில வச்சுட்டார்னு ஒரு கதை உண்டு. நிஜமோ இல்லையோ, அதுக்கப்புறம் இந்த ஊர்ல அந்தக் கடுதாசியை யாரும் பிரிக்கவே இல்லைன்னு நினைச்சுக்குவேன்.

வர்லி தாண்டற இடத்துல கீழ ஒரு கோலிவாடா. கோஸ்டல் ரோட்டை சீ லிங்கோட சேர்க்கற பாலத்துக்குத் தூண் வச்சப்ப, ரெண்டு தூணுக்கு நடுவுல 60 மீட்டர்தான் இடைவெளி. அலை அடிக்கற நேரத்துல அதுக்குள்ள படகை விட்டா தூண்ல மோதிடும்னு மீனவங்க சொன்னாங்க. படகுகளைக் குறுக்க நிறுத்தி மறிச்சாங்க. நிபுணர்கள் 60 போதும்னாங்க. இவங்க விடலை. கடைசியில ஒரு தூணையே திட்டத்துல இருந்து எடுத்து, இடைவெளியை 120 மீட்டர் ஆக்கினாங்க. எங்க வண்டி அது மேல போறப்ப கீழ ரெண்டு படகு வரிசையா வெளிய போயிட்டிருந்துச்சு. அதைப் பையனுக்குக் காட்டினேன். அன்னிக்குக் காட்டினதுலயே பார்க்க வேண்டிய இடம் அதுதான்னு எனக்குத் தோணுது. அங்க போட்டோக்காரன் இல்லை.

சீ லிங்க் எல்லாருக்கும் தெரியும். 2009 ஜூன் 30-ல் திறந்தாங்க, 5.6 கிலோமீட்டர், நிறுத்தக் கூடாது, டூ வீலர் கூடாது. அதுல போறப்ப எல்லாரும் மேற்கே கடலைப் பார்ப்பாங்க. நான் கிழக்கே பார்க்கச் சொன்னேன். மாஹிம் விரிகுடா. அதுக்குள்ளதான் மித்தி ஆறு வந்து சேருது. ஆறா, சாக்கடையான்னு கேட்டா பதில் சொல்ல முடியாது. 2005 ஜூலை 26-ல் அது யாருன்னு காட்டுச்சு. சாந்தாகுருஸ்ல 24 மணி நேரத்துல 944 மில்லிமீட்டர் மழை. அன்னிக்குக் கொலாபாவுல வெறும் 73. கேட்வே பக்கம் இருந்தவங்களுக்கு விஷயமே தெரியாது. இங்க கடல் ஏத்தத்துல இருந்ததால ஆத்துத் தண்ணி வெளியேற வழி இல்லை. அது முன்னாடி போய்ப் பரவற சதுப்பு நிலத்துல இப்ப பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் நிக்குது. அதையும் தூர்த்துத்தான் கட்டினாங்க. தண்ணி வேற எங்க போகும்? தாழ்வா இருந்த வீடுகளுக்குள்ள போச்சு.

அந்தத் தாழ்வான வீடுகள்ல நம்ம ஆளுங்க நிறைய. மித்தி ஓரத்துலதான் தாராவி.

அங்கதான் அன்னிக்கு ராத்திரி சாப்பாடு. கோவைத் தோழனோட மனைவிக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா ஒருத்தர் தாராவியில இருக்கார், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பாந்த்ராவுல இறங்கி மாஹிம் காஸ்வே வழியா திரும்பினோம். 1845-ல் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயோட மனைவி தன் சொந்தக் காசு 1,57,000 ரூபாய் போட்டுக் கட்டின பாலம் அது. ஏழை ஜனங்ககிட்ட சுங்கம் வசூலிக்கக் கூடாதுன்னு நிபந்தனை போட்டாங்க. இப்ப நாங்க சுங்கம் கட்டிட்டுத்தான் சீ லிங்க்ல வந்தோம்.

தாராவியும் ஒரு காலத்துல கோலிவாடாதான். ஓடைக்கரையில மீன் பிடிச்சுக்கிட்டு இருந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில தோல் பதனிடற தொழிலை நகரத்துக்குள்ள வேண்டாம்னு இங்க தள்ளினாங்க. அந்த வேலைக்குத் தமிழ்நாட்டுல இருந்து வந்தவங்கதான் இங்க முதல் தமிழர்கள்ல முக்கியமானவங்க. தாராவியோட பழைய பிள்ளையார் கோயில் 1913-ல் கட்டினதுன்னு சொல்வாங்க. கேட்வேக்கு அடிக்கல் நாட்டின அதே வருஷம். அவங்களுக்குக் கிடைச்சது சதுப்பு. குப்பை, கட்டட இடிசல், தென்னை ஓலை, மண்ணுன்னு கையில கிடைச்சதைக் கொட்டிக் கொட்டித் தாங்களே மேடாக்கினாங்க. கம்பெனியும் கவர்னரும் கடலைத் தூர்த்தா அதுக்குப் பேர் ரெக்ளமேஷன். இவங்க சேத்தைத் தூர்த்ததுக்குப் பேர் ஆக்கிரமிப்பு.

சித்தப்பா வீட்டுக்குள்ள நுழையணும்னா ஒரு படி மேல ஏறி, ரெண்டு படி கீழ இறங்கணும். பையன் ஏன்னு கேட்டான். "ரோடு உசந்துக்கிட்டே போச்சு ராசா. நாங்க மூணு தடவை தரையை உசத்துனோம், ரோடு நாலு தடவை உசந்துட்டு"ன்னார். அவர் அப்பா வந்தப்ப இங்க முட்டி வரைக்கும் சேறாம். பலகை போட்டு நடப்பாங்களாம். ஜூலை 26-ல் எவ்வளவு தண்ணின்னு கேட்டேன். எழுந்து போய் சுவர்ல சாமி படத்துக்குக் கீழ விரலை வச்சுக் காட்டினார். என் தோள் உயரம்.

சித்தி ஆட்டுக்கறிக் குழம்பு வச்சிருந்தாங்க. சாப்பிட்டு முடிச்சதும் தோழன் மெதுவா, இடிச்சுக் கட்டறாங்களாமே, உங்களுக்கு வீடு கிடைக்குமான்னு கேட்டான். குடிசை மாற்றுத் திட்டத்துல இலவசமா அதே பகுதியில வீடு வேணும்னா 2000 ஜனவரி 1-க்கு முன்னாடி இருந்தே இங்க இருக்கோம்னு காகிதம் காட்டணும். அவர் ஒண்ணும் பேசலை. பரண்ல இருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். பிளாஸ்டிக் கவர் மேல பிளாஸ்டிக் கவரா சுத்தினது. ரேஷன் கார்டு, கரண்ட் பில், அவர் பெண்ணோட ஸ்கூல் சர்டிபிகேட், ஓட்டர் லிஸ்ட் ஜெராக்ஸ். ஒண்ணு ரெண்டுல மை கரைஞ்சு நீலமா பரவியிருந்தது. "இது அந்த மழையில நனைஞ்சது. ஆபீஸ்ல இது செல்லுமா பாருங்க தம்பி, நீங்க படிச்சவங்க"ன்னு என்கிட்ட நீட்டினார்.

வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பார்த்தேன். பேரும் வருஷமும் படிக்க முடிஞ்சுது. வீட்டு நம்பர் மட்டும் தெரியலை. செம்பூர்க்காரன் போன்ல எல்லாத்தையும் ஒவ்வொண்ணா படம் எடுத்துக்கிட்டான். அடுத்த சனிக்கிழமை அவரைக் கூட்டிட்டு ரேஷன் ஆபீஸ் போய், டூப்ளிகேட்டுக்கு எழுதிக் குடுக்கறதா பேச்சு.